கிஃப்ட் என்று ஒரு சிகிச்சை

போன மாசம் அண்ணியோட டாக்டரம்மா என்னென்ன சிகிச்சை இருக்குன்னு வரிசையா சொல்லிக்கிட்டே வந்தவங்க, "கிஃப்ட்னு ஒண்ணு இருந்துச்சு, இப்ப யாரும் பண்றதில்லை"ன்னு தாண்டிப் போயிட்டாங்களாம். அந்தப் பேரு எனக்குள்ளே உட்கார்ந்துகொண்டது. தோண்டினால் பெரிய கதை!

1978-இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தாலும், கருவை வெளியே வளர்ப்பது அப்போது சிரமமான காரியம். அர்ஜென்டினாவில் பிறந்த ரிக்கார்டோ ஆஷ் என்ற டாக்டர் டெக்சாஸில் யோசித்தார்: வெளியே எதுக்கு வளர்க்கணும்? லேப்ராஸ்கோப் வழியாகக் கருமுட்டைகளை எடுத்து, உயிரணுக்களோடு ஒரே மெல்லிய குழாயில் ஏற்றி, அன்றைக்கே கருக்குழாயில் விட்டுவிடுவது. மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும். ஒரு கருக்குழாயாவது நன்றாக இருக்கணும், அவ்வளவுதான். 1984-இல் 'லான்செட்'டில் வெளியானது.

1987-இல் வாடிகன், உடம்புக்கு வெளியே கரு உண்டாக்குவது கூடாது என்றது. கிஃப்டில் கரு உள்ளேதானே உண்டாகிறது? சில கத்தோலிக்க அறிஞர்கள் இதை ஏற்றார்கள். குழாயில் முட்டைக்கும் உயிரணுவுக்கும் நடுவே ஒரு காற்றுக் குமிழி விட்டார்கள், வெளியே சேர்ந்துவிடக் கூடாதென்று! (ஒரு குமிழிக்குள்ளே எவ்வளவு இறையியல் பாருங்க.)

ஆஷ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்துக்குப் போனார். புகழ், கூட்டம். 1995-இல் 'ஆரஞ்ச் கவுன்ட்டி ரெஜிஸ்டர்' நாளிதழ் போட்டு உடைத்தது. அங்கே சில பெண்களின் கருமுட்டைகளையும் கருக்களையும் அவர்களைக் கேட்காமலே வேறு பெண்களுக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தைகளும் பிறந்திருந்தன. தமக்குப் பிள்ளையே இல்லை என்று அழுதுகொண்டிருந்த ஒருத்தியின் பிள்ளை இன்னொரு வீட்டில் வளர்ந்தால், அந்தச் செய்தியை எப்படித் தாங்குவாள்? வளர்த்த தாயும் திருடவில்லையே. அவளுக்கும் தெரியாது.

இதைவிட என்னை உலுக்கியது வேற. கருமுட்டைத் திருட்டுக்கு அன்றைக்குச் சட்டமே கிடையாது. அதனால் வழக்கு வரி ஏய்ப்பு, காப்பீட்டு பில் மோசடி என்றுதான் போனது! 1996-இல்தான் கலிபோர்னியா இதைக் குற்றமாக்கியது. அந்த நாளிதழுக்கு அதே வருஷம் புலிட்சர் பரிசு. ஆஷ் நாட்டை விட்டே போய்விட்டார். 2010-இல் மெக்சிகோவில் பிடிபட்டும், 2011-இல் அந்நாடு அவரை அனுப்ப மறுத்துவிட்டது. பல்கலைக்கழகம் கோடிக்கணக்கில் இழப்பீடு கொடுத்தது.

கிஃப்ட் மறைந்தது இந்த வழக்கால் இல்லை. கருவை வெளியே வளர்க்கும் வித்தை தேறிவிட்டது, வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப் விட வேண்டிய தேவை குறைந்தது.

அண்ணிகிட்ட முதல் பாதியை மட்டும்தான் சொன்னேன். காற்றுக் குமிழி கேட்டுச் சிரிச்சாங்க.