வெசாக்: பழமையும் காலனியக் கோலமும்

துட்டகைமுனு 24 வெசாக் விழாக்களை எடுத்தான் என மகாவம்சம் கூறும். ஆயினும் இலங்கையில் அவ்விழாவின் இன்றைய வீதிக்கோலம் பெரிதும் காலனியக் காலத்தது. 1883ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்று தாக்கப்பட்டது. பௌத்தர் சார்பில் ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்று முறையிட்டார். மறு ஆண்டு வெசாக் பொதுவிடுமுறையாயிற்று. பௌத்தக் கொடியும் அவ்வாண்டு வெசாக் நாளிலேயே முதன்முதலாக ஏற்றப்பட்டது. கிறித்தவச் சமயப்பரப்புக்கு எதிராக எழுந்த மறுமலர்ச்சி அதன் வடிவங்கள் சிலவற்றையே கைக்கொண்டது வியப்பன்று: வெசாக் வாழ்த்தட்டையும் பக்திப்பாடற் குழுவும் கிறிஸ்துமஸ் வழக்கங்களையே நினைவூட்டுகின்றன. வெண்ணுடையணிந்து விகாரையில் எண்சீலம் காத்தலை அவ்வாறு கூறவியலாது. வழிப்போக்கர்க்கு உணவிடும் தன்சலின் வேரான தானமும் இரவல் பெற்றதன்று. மணிமேகலையில் பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபி கோமுகிப் பொய்கையில் தோன்றுவது வைகாசி விசாகத்தன்றே.