குட்டிச் சுறாவும் செவுள்வலையும்

தென் கலிஃபோர்னியாவில் வெள்ளைச் சுறாக் குட்டிகள் பிழைத்தது சுறாமேல் எழுந்த பாசத்தால் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். 1990-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 132-ஆம் முன்மொழிவுக்குப் பின்னால் இருந்த கவலை, வலையில் மூச்சடைத்துச் சாகும் கடல் பாலூட்டிகளையும் பறவைகளையும் பற்றியது. சுறாவுக்காக அன்று யார் ஓட்டுப் போட்டிருப்பார்கள்? அந்த முன்மொழிவின்படி 1994 முதல் தென்பகுதிக் கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் செவுள்வலை கூடாது என்றானது.

ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளத்தில் பிறக்கும் குட்டி, திருக்கையும் தட்டைமீனும் கிடைக்கும் ஆழங்குறைந்த கரையோரத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. ஹாலிபட் மீனுக்கு விரித்த வலைகளும் அந்தத் தரையில்தான் நின்றன. பின்னாளில் குட்டிகள்மேல் பொருத்திய கருவிகள், அவை பெரும்பாலும் மேல் 50 மீட்டருக்குள்ளேயே திரிவதைக் காட்டின. ஆனால் தடை எல்லைக்கு வெளியே விபத்து நிற்கவில்லை. 2004-இல் ஹண்டிங்டன் பீச்சுக்கு அப்பால் ஹாலிபட் மீனவர் வலையில் மாட்டிய ஒரு குட்டியை, மான்டரே விரிகுடா மீன்காட்சியகம் 198 நாள் வளர்த்துக் கடலில் விட்டது.