பெண் கால்பந்துக்கு இடம் கொடுத்த கணக்கு

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பின் முடிவை நெருங்கும் ஒரு பெண் கால்பந்து நன்றாக ஆடுபவளாக இருந்தால், அவள் முன்னே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் 1981-82 கணக்கில் இந்த எண்ணிக்கை வெறும் 80. இந்தப் பெருக்கத்துக்குப் பலரும் சொல்லும் காரணம் ஆர்வம்: 1991-லும் 1999-லும் அந்நாட்டுப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார்கள், அந்த அணியின் மியா ஹாமைப் பார்த்துச் சிறுமிகள் பந்தைத் தொட்டார்கள், கல்லூரிகள் அணிகளை அமைத்தன. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லூரிகள் எந்த ஆண்டுகளில், எந்த ஊர்களில் அணி தொடங்கின என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு சட்டத்துக்கு அஞ்சி, ஆண்களின் வேறொரு விளையாட்டைக் குறைக்க மனமில்லாமல், பல கல்லூரிகள் போட்ட தலைக்கணக்கில்தான் இந்த அணிகளில் பெரும்பங்கு பிறந்தது.

1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு ஆங்கிலத்தில் 37 சொற்கள் மட்டுமே. மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காட்டி ஒருவரை விலக்கக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. அப்போது நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளி அணிகளில் கால்பந்து ஆடிய பெண்கள் சுமார் 700 பேர். கல்லூரிப் பெண்களின் போட்டிகளை நடத்திய ஏ.ஐ.ஏ.டபிள்யூ. சங்கமோ விளையாட்டு உதவித்தொகையையே தடைசெய்திருந்தது. ஆண்கள் பக்கத்தில் பணம் செய்த கூத்தைப் பார்த்திருந்த உடற்கல்வி ஆசிரியைகள், அந்தச் சீரழிவு தங்கள் மாணவிகளிடம் வர வேண்டாம் என்று நினைத்தார்கள். அது நியாயமான அச்சம்தான், ஆனாலும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் மாணவிகள். ஃப்ளோரிடாவில் டென்னிஸ் ஆடிய சில மாணவிகள் வழக்குத் தொடுத்த பிறகு, 1973-ல் அந்தத் தடை விலகியது.

ஆரம்பத்தில் கல்லூரி அணியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் மாணவிகள் தாங்களாக நடத்திவந்த கிளப் அணிக்கு 1979-ல் அதிகாரபூர்வ அந்தஸ்து கிடைத்தது. ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ஆன்சன் டொரன்ஸே அதையும் ஏற்றார். என்.சி.ஏ.ஏ. தன் முதல் பெண்கள் கால்பந்துப் போட்டியை நடத்திய 1982 முதல் 2000 வரையான 19 கோப்பைகளில் 16 அவருடைய அணிக்கே போயின. ஜெயிக்க நினைத்தவள் சேப்பல் ஹில்லுக்குப் போனாள், இடம் கிடைக்காதவள் அதற்கு எதிராக ஆடினாள். இந்த நிலையை உடைத்தது ரசிகர் கூட்டமல்ல, சட்டம்தான், அதுவும் தாமதமாகவே. ஒன்பதாம் பிரிவு பணம் பெறும் துறையை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், விளையாட்டுத் துறைகள் ஏறக்குறைய அதன் பிடியிலிருந்து நழுவின. 1988-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி அவற்றைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தது. 1992-ல் இழப்பீடும் கேட்கலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் கல்லூரி நிர்வாகங்கள் விழித்துக்கொண்டன.

விழித்துக்கொண்டவர்கள் கண்டது தலைக்கணக்கு. சட்டத்துக்கு இணங்குவதைக் காட்டும் வழிகளுள் ஒன்று, மாணவர்களில் பெண்கள் எத்தனை விழுக்காடோ ஏறக்குறைய அத்தனை விழுக்காடு விளையாட்டிலும் இருப்பது. அமெரிக்கக் கால்பந்து என்னும் ஹெல்மெட் ஆட்டத்துக்கு அப்போது 85 முழு உதவித்தொகைகளும் நூறுக்கு மேற்பட்ட ஆண்களும் வேண்டியிருந்தது. அதற்கு இணையாகப் பெண்கள் ஆடும் ஆட்டம் எதுவும் இல்லை. அதைக் குறைத்தால் பழைய மாணவர்களும் நன்கொடையாளர்களும் சும்மா விடமாட்டார்கள். ஆகவே ஒரே அணியில் நிறையப் பெண்களைச் சேர்க்கும், செலவு அதிகமில்லாத ஆட்டம் தேவைப்பட்டது. கால்பந்துக்குப் புல்வெளி, இரண்டு கோல் கம்பங்கள், இருபத்தைந்து முப்பது பேர் போதும். (இதே கணக்குதான் கடலே இல்லாத கன்சாஸ் மாநிலத்தின் பல்கலைக்கழகங்களில் பெண்கள் துடுப்புப் படகு அணிகளைத் தோற்றுவித்தது. அங்கே படகு மோகம் அலைமோதியது என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.)

பெண்களின் ஆர்வம் எப்படியும் இந்த அணிகளைக் கொண்டுவந்திருக்கும் என்று வாதிடுபவர்களுக்கு, அமெரிக்கக் கால்பந்தின் கோட்டையான தென்கிழக்குக் கூட்டமைப்பைக் காட்டலாம். எஸ்.இ.சி. என்ற அந்தக் கூட்டமைப்பில் இன்று 16 பல்கலைக்கழகங்கள். பதினாறிலும் பெண்கள் கால்பந்து அணி உண்டு. ஆண்கள் கால்பந்து அணி கென்டக்கி, தென் கரோலினா இரண்டில் மட்டும். ஊரின் ஆர்வம்தான் காரணம் என்றால் ஆண்களுக்கு மட்டும் அது ஏன் பலிக்கவில்லை? அதன் உறுப்பினரான ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1995-ல் பெண்கள் அணியைத் தொடங்கியது. நான்காவது பருவமான 1998-ல், இறுதிப் போட்டியில் வட கரோலினாவையே 1-0 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. அந்த ஆண்டு அங்கே முதலாண்டு மாணவியாகச் சேர்ந்தவர், பின்னாளில் தேசிய அணியின் முன்னணி வீராங்கனையான ஏபி வாம்பாக். நியூயார்க் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர், நேற்று முளைத்த அணிக்காகத் தெற்கே போனார். அப்படிப் போக ஓர் இடம் இருந்ததே அந்தக் கணக்கினால்தான்.

ஆண்கள் அணிகளைப் பறித்துத்தானே இது வந்தது என்ற குறையும் உண்டு. ஆண்களின் மல்யுத்த, நீச்சல் அணிகள் பல கலைக்கப்பட்டது உண்மை. ஆனால் கலைக்கச் சொன்னது சட்டமல்ல. 85 உதவித்தொகையில் ஒன்றைக்கூடத் தொட மனம் வராத நிர்வாகங்களே அந்த வழியைத் தேர்ந்தன. எனக்கு வலுவாகப் படும் மறுப்பு வேறு: இடங்கள் பெருகியபோது தேர்வு பெருகியதா? பயிற்சியாளர்கள் ஒருவரை ஒருவர் முந்த நினைத்து, 13, 14 வயதுச் சிறுமிகளிடம் வாய்மொழி உறுதி வாங்கினார்கள். என்ன படிக்கப் போகிறோம் என்றே தெரியாத வயதில் கல்லூரி முடிவாகிவிட்டது. ஒலிவியா மோல்ட்ரி என்ற சிறுமி 11 வயதில் வட கரோலினாவுக்கு வாக்குக் கொடுத்து, 13 வயதில் கல்லூரியே வேண்டாமென்று தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். பத்தாம் வகுப்பு முடித்து ஜூன் 15 வருவதற்கு முன் பயிற்சியாளர்கள் பேசக் கூடாது என்ற விதி 2019-ல்தான் கால்பந்துக்கு வந்தது. உதவித்தொகையும் பார்வைக்குப் பெரிதே தவிர, என்.சி.ஏ.ஏ. போட்டிகளின் முதல் பிரிவில் ஓர் அணிக்கு உச்சவரம்பு 14 ஆக இருந்தது. அதை இரட்டிப்புப் பேருக்குப் பங்கு போட்டார்கள். ஐவி லீக் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பிலும் என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவிலும் விளையாட்டுக்கென்று ஒரு டாலரும் கிடையாது. தலைக்கணக்குக்காகத் திறந்த கதவு என்பதால் பெரும்பாலோருக்கு அது முழுப் படிப்புச் செலவாக ஒருபோதும் மாறவில்லை. மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் கதவு எப்படித் திறந்தது என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

என்.சி.ஏ.ஏ. மீது கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற சமரசம், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 14 என்ற உச்சவரம்பை நீக்கி, அணிக்கு 28 பேர் என்ற வரம்பை வைத்தது. 28 பேருக்கும் முழுத்தொகை தரலாம், தரவேண்டும் என்பதில்லை. கூடவே கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி பிறந்தது. அந்தப் பணமும் ஒன்பதாம் பிரிவின் கணக்கில் சேருமா? சேரும் என்று கல்வித் துறை 2025 ஜனவரியில் சொன்னது, ஆட்சி மாறிய பின் பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. சேராது என்றானால், 1990-களில் பெண்கள் அணிகளைத் தொடங்கவைத்த நெருக்கடி தளர்ந்துவிடும். இப்போது கல்லூரி தேடும் பெண், அந்த அணிக்கு எத்தனை முழு உதவித்தொகை உண்டு என்பதோடு, அங்கே அமெரிக்கக் கால்பந்துக்கு எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.