மின்யோ ஆற்றின் இரு கரைகள்

இலத்தீன் வழிவந்த மொழிகளை மரமாக வரைந்து காட்டுவது மொழிநூலார் வழக்கம். அம்மரத்தின் மேற்குக் கோடியில் காலிசியமும் போர்த்துக்கீசியமும் அருகருகே நிற்கின்றன. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் ஒன்று. மின்யோ ஆற்றின் தென்கரையில், போர்ச்சுகலில் மற்றொன்று. இவை இரு மொழிகளா, ஒரு மொழியின் இரு வழக்குகளா என்பது இன்னும் தீராத வழக்கு.

13ஆம் நூற்றாண்டில் இக்கேள்விக்கே இடமில்லை. இரு உயிர்களுக்கு இடைப்பட்ட இலத்தீன் னகரமும் லகரமும் இரு கரையிலும் ஒருசேர மறைந்தன. காஸ்டீலியத்தில் 'லூனா' என நிற்கும் நிலவு, இங்கே 'லூஆ' ஆயிற்று. காஸ்டீலிய மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ (1252–1284) சட்டத்தையும் வரலாற்றையும் தம் மொழியில் எழுதுவித்தார். கன்னி மரியாளைப் போற்றும் நானூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கோ இம்மொழியையே கொண்டார். அவருடைய மகள்வழிப் பேரர், போர்ச்சுகல் மன்னர் டினிஸ், 137 பாடல்களை விட்டுச் சென்றார். பெண்ணின் குரலில் ஆண்பாற் புலவர்கள் தாயையும் தோழியையும் கடலலையையும் விளித்துப் பாடிய 'அமிகோ' பாடல்களும் உண்டு. தலைவி கூற்றில் தோய்ந்த நம் கவிஞர்களுக்கு அவை அயலாகத் தோன்றா.

இத்தனைக்கும் 1143இலேயே போர்ச்சுகல் தனியரசாகிவிட்டது. எல்லை முதலில் வந்தது. மொழி மெல்லத்தான் அதற்குப் பணிந்தது. லிஸ்பனில் அது அரசவை மொழியாயிற்று, அச்சேறிற்று, கடல் கடந்தது. காலிசியாவின் மேலோர் காஸ்டீலியத்துக்கு மாறினர். 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை அங்கே எழுத்து ஏறக்குறைய அற்றுப்போயிற்று. ஒலிகளும் விலகின. மூக்கொலி உயிர்கள் தெற்கே நிலைத்தன, வடக்கே தேய்ந்தன.

1863இல் ரோசலியா தெ காஸ்ட்ரோ தம் காலிசியப் பாடல்களை வெளியிட்டபோது, நாட்டுப்பாடல்களே அவருக்கு முன்னோர். எழுத்துமுறையோ காஸ்டீலியத்திடம் வாங்கிய கடன். பழம்பாடல்களின் வத்திக்கான் தொகுதி முழுமையாக அச்சேறியது 1875இல்தான். இந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியை நான் பெரிதாகவே எண்ணுகிறேன். பழம்பாடல்கள் முன்னரே கையில் கிடைத்திருந்தால், எழுத்துமுறையும் வேறாகியிருக்கக்கூடும்.

ஆற்றின் பெயரையே பாருங்கள். ஒலி ஏறத்தாழ ஒன்றே. வடகரையார் நடுவிலுள்ள மெய்யை நெளிகோடிட்ட ஓரெழுத்தால் எழுதுவர். தென்கரையார் ஈரெழுத்துக் கூட்டால் எழுதுவர். முதல் முறையையே காலிசிய அரச கழகம் 1982இல் உறுதி செய்தது. போர்த்துக்கீசிய எழுத்தோடு மீள இணைய வேண்டும் என வாதாடிய பேராசிரியர் ரிக்கார்டோ கர்வாலியோ காலேரோ தம் குடும்பப் பெயரையே அம்முறைக்கு மாற்றி எழுதினார். அவர் மறைந்தது 1990இல். அக்கழகமே 2020ஆம் ஆண்டின் காலிசிய இலக்கிய நாளை அவருக்கு உரித்தாக்கிற்று. எழுத்துமுறை, 2003இல் செய்த சிறு திருத்தங்களுடன், அப்படியே இருக்கிறது.