கழிநீர் சென்ற வழி

சீகிரியாவைக் கண்டு மீள்வோர் பெரும்பாலும் இரண்டைப் பற்றியே வியந்து பேசுவர். பாறைச் சுவரில் தீட்டப்பெற்ற ஓவிய மங்கையர் ஒன்று. அடிவாரத்துப் பூங்காவில் மழைக்காலங்களில் இன்றும் மேலெழும் நீரூற்றுகள் மற்றொன்று. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னன் அமைத்த பூங்கா அது. உயர்ந்த இடத்து நீரின் அழுத்தம் ஒன்றே, நிலத்தடிக் குழாய்களினூடே வந்து, துளையிட்ட கற்றட்டுகளின் வழியாக நீரைப் பீறிடச் செய்கின்றது.

இவன் தந்தை தாதுசேனன், கலாவாவியைக் கட்டுவித்தவன். மகனால் சிறைப்பட்டு, மறைத்துவைத்த செல்வம் எங்கே என்று வினவப்பட்டபோது, அவன் அவ்வாவி நீரைக் கையிலள்ளிக் காட்டி, தன் செல்வமெல்லாம் அதுவே என்றான் எனச் சூளவம்சம் கூறும்.

நீர் வந்த வழியை நம் வரலாற்று நூல்கள் இவ்வாறு விரித்துரைக்கின்றன. அது பயன்பட்டுக் கழிந்தபின் போன வழியைப் பற்றியோ, அவை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மாணவரும் அதனை வினவுவதில்லை. வினவினால் வகுப்பு நகைக்கும்!

காசியப்பனுக்குப்பின் அரியணையேறிய அவன் தம்பி மொக்கல்லானன், தலைநகரை மீண்டும் அநுராதபுரத்துக்கே கொண்டுசென்று, சீகிரியாவைப் பௌத்த துறவியரிடம் ஒப்படைத்தான். அத்துறவியரின் ஒழுக்க நூலாகிய விநயபிடகத்தில், மலசலகூடத்தை எவ்வாறு அமைத்தல் வேண்டும், எவ்வாறு துப்புரவாக வைத்தல் வேண்டும் என்பதற்கும் விதிகள் உண்டு. அவ்விதிகள் கல்லில் வடிவம் பெற்றதைக் காண நாம் அநுராதபுரத்துக்குச் செல்லல் வேண்டும்.

அந்நகரின் மேற்குப்புற மடங்களின் இடிபாடுகளிடையே, அழகிய வேலைப்பாடமைந்த சிறுநீர்க்கற்கள் கிடைத்துள்ளன. ஆடம்பரத்தைத் துறந்த அத்துறவியர், ஆடம்பரத்தை இகழவே அவற்றில் மாளிகை முகப்புகளைச் செதுக்கினர் என்பர் அறிஞர். எனக்கோ மேலிருக்கும் சிற்பத்தினும் கீழிருப்பதே பெரிதாகத் தோன்றுகின்றது. கல்லின் துளைக்குக் கீழே, அடியில் துளையுள்ள மட்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்து, மணலும் கரியும் சுண்ணாம்பும் இட்டிருந்தனர். நீர் மெல்ல வடிந்து, நாற்றம் நீங்கியே மண்ணைச் சேர்ந்தது.

இப்பானைகளை இன்று அப்படியே பின்பற்றினாற் போதுமோ? போதாது. சிறுநீரிலுள்ள நைதரசன், நுண்ணுயிர்களின் செயலால் நைத்திரேற்றாக மாறும். நீரிற் கரைந்த நைத்திரேற்றை மணலோ கரியோ தடுத்து நிறுத்தா. மடத்தில் வாழ்ந்தோர் சிலர். சூழ நிலமோ பரந்து கிடந்தது. ஆதலின் அவர்களுக்குத் தீங்கு நேரவில்லை.

கடல் சூழ்ந்த யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. அங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. குடிநீர் பெரும்பாலும் கிணற்று நீரே. அடியிலிருப்பது வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த சுண்ணக்கல். மேலே மண்போர்வை பல இடங்களில் மெல்லியது. ஒரே வளவில் கிணறும் மலக்குழியும் நெருங்கியிருப்பின், குழியின் நீர் வடிகட்டப்படாமலே கிணற்றை அடையும். தோட்டங்களுக்கு இடும் உரமும் அதனுடன் சேர்கின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு விதித்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்துள்ளமை ஆய்வுகளிற் புலனாயிற்று. புட்டிப்பால் அருந்தும் பச்சிளங்குழந்தைகளுக்கே இதனால் முதல் ஆபத்து; குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்கவைப்பதாலும் பயனில்லை, நைத்திரேற்று அகலாது.

சிறிய ஊர்களுக்கு ஏற்ற வழி இல்லாமலில்லை. கசிவற்ற தொட்டியில் கழிவைத் தேக்கித் தெளியவைத்து, தெளிந்த நீரை அடியில் நீர்புகாத பரல்மண் பாத்தியினூடே செலுத்தி, அதில் நாணலோ கல்வாழையோ நடுதல் ஒரு முறை. பயிர் நைதரசனின் ஒரு பகுதியை உண்ணும். காற்றுக் குறைந்த பரலிடையே வாழும் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றின் மற்றொரு பகுதியை வாயுவாக்கி வெளியேற்றும். யாழ்ப்பாணத்துப் பெண்டிர்க்கு இதன் ஒரு பாதி புதிதன்று. கிணற்றடியிற் குளித்த நீரையும் துவைத்த நீரையும் வாய்க்கால் வழியே வாழைக்கு விடுவது அவர்கள் வழக்கம்.