கேலிச்சித்திரம் பயின்ற இளைஞர்

பாட ஏட்டின் ஓரத்தில் ஆசிரியரின் மூக்கை நீட்டி வரைந்த மாணவன் பிரம்படி பெறுவதே பள்ளிகளின் பழைய வழக்கம். மலாக்காவில் செங் வட்டாரத் தோட்டப்புறமும் இதற்கு விலக்காக இருந்திராது. சித்திரம் பாடத்தில் இடம்பெற்றது, நகைப்பு இடம்பெறவில்லை. அவ்வாறாயின் இளைஞர் இக்கலையை எங்கே கற்றனர்?

தமிழகத்தில் 1930களில் ஆனந்த விகடனில் கேலிச்சித்திரத்திற்குத் தனிமதிப்புத் தேடித் தந்தவர் மாலி. கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபாலன் என்னும் இளைஞர் 1941-ல், தம் பதினேழாம் வயதில், அவரைக் கண்டார். மாலி கொடுத்தது பாடமன்று, வேலை. திருவையாறு சென்று, தியாகராஜர் வழிபட்ட இராமர் பட்டாபிஷேகத்தை நேரில் பார்த்து வரைந்து வருமாறு பணித்தார். 'கோபுலு' என்ற பெயரும் அவர் சூட்டியதே.

அச்சகமும் ஓர் ஆசிரியராயிற்று. கோட்டுப் பிளாக்கில் சாம்பல் நிறச் சாயலுக்கு இடமில்லை. கறுப்பு மையில் தெளிந்த கோடு வேண்டும். பெரிதாக வரைந்த படத்தைச் சுருக்கும்போது நெருங்கிய கோடுகள் ஒட்டிக்கொண்டு மை அப்பிவிடும். எனவே வேண்டாத கோட்டை விலக்குவதே பயிற்சியாயிற்று. பிற்காலத்தில் கோபுலு ஒரு சொல்லும் இன்றி வரைந்த நகைச்சுவைப் படங்களில் இச்சிக்கனத்தைக் காணலாம்.

மலேசியாவில் அஞ்சலே வகுப்பறையாயிற்று. பேராக் மாநிலச் சிறுவர் முகம்மது நோர் காலிட், அதாவது லாட், மூத்த ஓவியர் ரெஜாப்ஹாட்டுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். தாயாரின் வேண்டுகோளுக்கு இணங்கி, பதின்மூன்று வயதுச் சிறுவரை ரெஜாப்ஹாட் தம் மாணவராக ஏற்றார். 1964-ல் லாட்டின் முதற் படக்கதை நூல் வெளிவந்தது. வரைந்தவர் வயது வந்தவர் என்றே எண்ணிய பதிப்பகத்தார் 25 வெள்ளி கொடுத்தனராம்! 1968-ல் பெரித்தா மிங்குவில் அவர் தொடங்கிய குடும்பத் தொடர் 26 ஆண்டுகள் நடந்தது.

நியூயார்க்கில் 1947-ல் இக்கலைக்கெனவே ஒரு பள்ளி எழுந்தது உண்மையே. ஆயினும் அங்கே பெரிதும் பயின்றோர் போர்முனையிலிருந்து மீண்ட வீரர்கள், சிறுவர் அல்லர்.

மாலியும் ரெஜாப்ஹாட்டும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. தோட்டப்புறப் பிள்ளைக்கு அருகில் இருந்தவர் வகுப்பாசிரியர் ஒருவரே. ஏட்டைப் பறித்தவரும் பெரும்பாலும் அவரே. ரெஜாப்ஹாட்டோ, 1978-ல் 'கீலா கீலா' இதழ் தோன்றிய பின்னரும் இளம் ஓவியர் பலருக்கு வழிகாட்டி வந்தார்.