படைக்கலமும் முத்திரையும்

அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் பாடிய புறநானூற்றின் 95ஆம் பாடலைக் கழகத்தார் அனைவரும் அறிவர். ஒருவன் படை எண்ணெய் பூசிக் காவல்மனையில் பொலிகிறது. மற்றவன் படை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. படைக்கலத்தின் மேனியே அதன் வரலாற்றைக் கூறும் என்பதற்கு இதனினும் பழைய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

பட்டுத்தறிக்குப் பெயர்பெற்ற நம் ஆரணியும் ஒருகாலத்தில் படைக்கலக் கொட்டிலாக விளங்கியது. 1782 ஜூன் 2ஆம் நாள் சர் அயர் கூட்டின் படையும் ஹைதர் அலியின் படையும் இங்கே பொருதன. ஹைதரின் தளவாடங்கள் ஆரணியில் குவிந்திருந்தமையே கூட் இவ்வூரை நோக்கி வந்ததன் காரணம். அதற்கு முன், 1751இல் கிளைவ் இங்கே வென்றபோது, எதிரணிச் சிப்பாய்கள் பல நூற்றுவர் தம் ஆயுதங்களோடு அவர் பக்கம் சேர்ந்தனர். துப்பாக்கியின் முத்திரை செய்தவனைச் சுட்டுமேயன்றி ஏந்தியவனைச் சுட்டாது என்பதை இந்நிகழ்ச்சி கொண்டே உணரலாம்.

கம்பெனித் துப்பாக்கியின் விசைத்தகட்டில் நான்காகப் பகுக்கப்பெற்ற இதய வடிவம் ஒன்று காணப்படும். அதன் தலையில் 4 என்னும் இலக்கம் போன்ற வணிகக் குறி. பகுப்புகளில் வி, ஈ, ஐ, சி என்னும் ஆங்கில எழுத்துகள். ஐக்கியக் கிழக்கிந்தியக் கம்பெனி என்பது பொருள். 'யு' என்னும் எழுத்தை இலத்தீன் வழக்குப்படி 'வி' எனப் பொறித்தனர். பருத்திப் பொதியின் மேல் இட்ட அதே குறியைத் துப்பாக்கியிலும் இட்ட வணிகரை என்னென்பது! 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதயம் மறைந்து, கிரீடம் ஏந்தி நிமிர்ந்து நிற்கும் சிங்கம் அவ்விடத்தைப் பெற்றது. வணிகர் ஆள்வோராகிய கதையை ஒரு விரற்கடைத் தகட்டிலேயே படிக்கலாம். திப்புவின் சீரங்கப்பட்டணத்துப் பட்டறைத் துப்பாக்கிகளிலோ புலிவரி இருக்கும். அவர் வகுத்த மவ்லூதி ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக ஓடும். அதை அறியாதார் ஆண்டைத் தலைகீழாகப் படித்துவிடுவர்.

முத்திரை உண்மையானதா என்பதே ஆய்வாளர் முன்னுள்ள கடினமான வினா. வாளலகுகளில் இச்சிக்கல் இன்னும் பெரிது. பசாவ், சோலிங்கன் நகரத்தாரின் ஓடும் ஓநாய், ஜெனோவா என்னும் ஊர்ப்பெயர், ஆந்திரேயா பெராரா என்னும் கைவினைஞர் பெயர் ஆகிய மூன்றும் புகழ்பெற்றவை. ஆகவே மூன்றும் பொய்யாகவும் பொறிக்கப்பெற்றன. ஐரோப்பியரே ஒருவர் குறியை மற்றவர் திருடினர். நம் நாட்டுக் கொல்லரும் அவற்றைப் பார்த்துப் பொறித்தனர். எழுத்தறியாதவன் பொறித்த எழுத்து, வடிவம் பிறழ்ந்தோ இடவலம் மாறியோ தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பழைய அலகில் புதிதாக அடித்த குறியின் விளிம்பு கூர்மையாக நிற்கும். சுற்றியுள்ள இரும்போ தேய்ந்திருக்கும். மரக் கைப்பிடியிலும் அவ்வாறே: பல தலைமுறை உள்ளங்கைகள் தேய்த்த மரத்தில் முத்திரை மட்டும் தேயாதிருத்தல் இயலாது. கைப்பிடி பிற்காலத்தில் மாற்றப்பெற்றதாயின், உலோகத்துக்கும் மரத்துக்கும் இடையே பொருத்தம் குன்றும்.

நமக்கு இது புதிய கலை அன்று. சம்பந்தர் தம் பதிக இறுதியில் திருக்கடைக்காப்பில் தம் பெயரை அமைத்தார். ஆயினும் பெயர் இருப்பதாலேயே எல்லாப் பாடலும் அப்பெயருடையார் பாடியதாகிவிடுமா? ஔவையார் பெயரில் எத்தனை காலத்துப் பாடல்கள் வழங்குகின்றன! சொல்லின் தேய்வையும் நடையின் பொருத்தத்தையும் நோக்கியே நாம் காலம் கணிக்கிறோம். (ஆரணிப் பட்டு என்னும் பெயரில் விற்பன யாவும் ஆரணித் தறியில் பிறந்தவை அல்ல என்பதை நம் நெசவாளர் என்னினும் நன்கறிவர்.)

தஞ்சை அரண்மனைக் கட்டாரிகள் பலவற்றில் அலகு ஐரோப்பிய வாளை வெட்டி அமைத்தது. யாளியும் துளைவேலையும் கொண்ட கைப்பிடியோ நம் நாட்டுக் கொல்லன் கைவண்ணம். அலகிலுள்ள அயல்முத்திரையை மட்டும் படிப்பவர் அதனை ஐரோப்பியப் பொருள் என்று எழுதிவிடுவர். முத்திரை இடாத கொல்லனைக் கைப்பிடியின் வேலைப்பாடு கொண்டே மீட்டெடுக்க வேண்டும். அதற்குரிய சான்றுகளிலும் பெரும்பகுதி அழிந்தது. 1855இல் தஞ்சை அரசு கம்பெனியின் கைக்கு மாறியபின், அப்படைக்கலங்களுள் தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. எஞ்சியவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றனர். இச்செய்தியை வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1878இல் 'இந்தியன் ஆண்டிக்வரி' இதழில் வருத்தத்துடன் எழுதினார். எழும்பூரில் இன்று நாம் காணும் தஞ்சைக் கட்டாரிகள் அவ்வுலைக்குத் தப்பியவை.